ஓடாவிக்கு உரிமம் உண்டா?

கரவெட்டியில் கதவுநிலை பொருத்தவோ, கூரை ஓடு மாற்றவோ, கிணற்றுக் கட்டைப் பூசவோ வருபவரிடம் எவரும் உரிமப் பத்திரம் கேட்பதில்லை. "யார் வீட்டில் வேலை செய்தவர்?" என்பதே முதற் கேள்வி. "யாருடைய மகன்?" என்பது வாய்விட்டுக் கேட்காமலே விடை தேடப்படும் இரண்டாம் கேள்வி. பிரித்தானியாவில் வாழும் வாசகருக்கு இது வியப்பாயிருக்கலாம். அங்கே எரிவாயு இணைப்பில் கைவைப்பவர் பதிவு பெற்றவராயிருத்தல் வேண்டும். 2009 வரை கோர்கி, அதன்பின் காஸ் சேஃப்.

ஆயினும் எமது மண்ணின் கைவினைஞன் அரசின் கண்ணில் படாதவனாக என்றும் இருந்ததில்லை. ஒல்லாந்தர் தோம்புகளில் குடிகளையும் காணிகளையும் பதிந்தனர். ஆளின் பெயரோடு அவன் சாதியும் அச்சாதிக்குரிய கடமையும் சேர்ந்தே பதிவாயின. ஊழியம் என்ற பெயரில் கூலியின்றி அரச வேலை செய்யவேண்டியிருந்தது, தலைவரி வேறு. கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707இல் சட்டவலுப் பெற்ற தேசவழமை, சொத்துரிமையோடு அடிமைகளைப் பற்றியும் பேசியது. இன்னார் இன்ன வேலைக்குரியவர் என்பதற்கு அக்காலத்தில் வேறு பத்திரம் வேண்டியிருக்கவில்லை. பிறப்பே பத்திரம். மறுத்து வேறு தொழிலுக்குப் போகும் உரிமைதான் இல்லாதிருந்தது.

ஆங்கிலேயர் 1832இல் இராசகாரியத்தை ஒழித்தனர். 1844இல் அடிமை முறை சட்டப்படி முடிவுற்றது. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டமோ 18 முதல் 55 வயதுவரையான ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் தெருவேலை செய்யவேண்டும், அல்லது பணம் கட்டவேண்டும் என்றது. அவ்வாண்டு மாத்தளைக் கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணம். வெறுக்கப்பட்ட சட்டந்தான், ஆனால் அது சாதி கேட்கவில்லை என்பதை யாழ்ப்பாணத்தவர் ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம். சட்டம் போனாலும் ஊரிற் குடிமை முறை நின்றது. அறுவடைக் காலத்தில் நெல்லாகக் கூலி பெற்ற தச்சரும் கொல்லரும் பரம்பரையாக அந்தந்த வீடுகளுக்கே கட்டுப்பட்டிருந்தனர்.

இன்று கரவெட்டி, வடமராட்சி தென்மேற்குப் பிரதேச சபையின் எல்லைக்குள் வருகிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின்கீழ் சபைகள் வர்த்தமானியில் வெளியிடும் அறிவித்தல்களைச் செய்தியாளன் என்ற முறையில் பலகாலம் படித்திருக்கிறேன். தச்சுப் பட்டறை, இரும்புப் பட்டறை, துவிச்சக்கரவண்டி திருத்துமிடம் என நீளும் அப்பட்டியல்களில், இடத்தின் ஆண்டுப் பெறுமதி ரூபா 750ஐ மேற்படாவிடின் ரூபா 500, ரூபா 1,500ஐ மேற்படின் ரூபா 1,000 எனக் கட்டணம் காணப்படும். உரிமம் இடத்துக்கே, கைத்திறனுக்கன்று. உளியும் வாளும் பையிலிட்டு வீடுவீடாகச் செல்பவருக்குப் பட்டறையில்லை. ஆதலால் சபையின் ஏட்டில் அவரும் இல்லை. மின்வேலையில் மட்டும் சற்று இறுக்கம் உண்டு: புதிய இணைப்புக்குத் தகுதியுடைய ஒருவரின் சோதனை அறிக்கை கேட்கப்படும். பிழைத்தால் உயிர் போகும் வேலை அது.

திறனைச் சட்டம் கண்டது மிகப் பிந்தியே. 2004இல் என்.வி.கியூ என்னும் தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டங்களோடு வந்தது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவரும், வேலைசெய்தே கற்றவரும், முன்கற்றலை மதிப்பிடும் முறையில் தேர்வாளர்முன் தம் திறனைக் காட்டிச் சான்றிதழ் பெறலாம். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டம், தேர்ந்த கட்டடத் தொழிலாளருக்குப் பதிவும் அடையாள அட்டையும் வகுத்தது.

உரிமமும் பதிவும் ஏழைத் தொழிலாளியை வதைக்கும் தந்திரம் என்பாருளர். கட்டணமும் அலைச்சலும் மிகுந்தால் அவ்வாறு ஆகவும் கூடும். எனினும் எமது ஊர்களைப் பொறுத்தவரை அந்தக் கடதாசிக்கு வேறொரு பெறுமதி உண்டென்றே கருதுகிறேன். ஓடாவி என்ற சொல் இங்கே தொழிலை மட்டும் குறித்து நிற்பதில்லை. எந்தக் குடியிற் பிறந்த பிள்ளையும் பெறத்தக்க சான்றிதழோ தொழிலை மட்டுமே சொல்லும். தகப்பன் பெயரால் வேலை பெறுவதும் இழப்பதும் அதனாற் குறையும். ஆனால் நான் அறிந்தவரை, மத்திய கிழக்கு நாடொன்றுக்குப் போக ஆயத்தமாகும்போதே எம்மவர் அதைத் தேடிச் செல்கின்றனர். ஊரில் வீடு கட்டுவிப்போர் இன்னும் அந்த இரண்டாம் கேள்வியைத்தான் நம்பியிருக்கின்றனர்.