உளி போகுமா, மரம் வருமா?

தச்சு வேலையில் ஆதிகாலத்திலிருந்தே ஒரு கேள்வி உண்டு. மரத்தைத் தேடி உளி போவதா, உளியைத் தேடி மரம் வருவதா? இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிறீர்களா? தூத்துக்குடிக்கு வாருங்கள், சொல்கிறேன்.

இன்று வ.உ.சி. துறைமுகத்தில் ராட்சதக் கப்பல்கள் மேடையை ஒட்டியே நிற்கின்றன. முன்பு அப்படியில்லை. அங்கே கரையோரக் கடலில் ஆழம் குறைவு! 1868-ல் சிறு துறைமுகமாக அறிவிக்கப்பட்ட பிறகும் நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். நடுவில் சரக்கு சுமந்தவை தோணிகள். கப்பல் கரைக்கு வராவிட்டால், கரை கப்பலிடம் போக வேண்டியதுதானே! அதோடு நிற்காமல், பாய் விரித்துக் கொழும்புக்கும் போய்வந்தன.

1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். சரி, அந்தத் தோணிகளைக் கட்டியது யார்?

ஓடாவிகள்! படகு கட்டும் தச்சர்களுக்கு அதுதான் பெயர். நூற்றுக்கணக்கான டன் தாங்கும் தோணியை வரைபடமே இல்லாமல் கட்டினார்கள். அளவெல்லாம் தலைக்குள்! தோணியின் விலா எலும்பு மாதிரி இருக்கும் வளைந்த கட்டைக்கு, இயற்கையாகவே வளைந்த கிளையைத் தேடிப் பிடிப்பார்கள். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் மரத்தின் நார் அறுபட்டுப் பலம் போய்விடும். பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைப்பதற்குக் ‘கலப்பத்து’ என்று பெயர். அதில் சோம்பல்பட்டால், நடுக்கடலில் தோணித் தலைவர் தண்டலின் பாடு அதோகதிதான்!

கவனியுங்கள்... தோணியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வர முடியாது. ஆகவே பட்டறை தோணியிடம் போயிற்று. வாச்சி, உளி, கொட்டாப்புளி, துளை போடத் துறப்பணம், இழைப்புளி... முடிந்தது பட்டறை! இழைப்புளியின் இரும்பு கொல்லர் அடித்தது. கட்டை மட்டும் தச்சர் தன் கைக்கேற்பத் தானே செதுக்கியது. ஊருக்குள் வேலை செய்த ஆசாரியும் தரையில் உட்கார்ந்து, காலால் மரத்தை அழுத்திப் பிடித்துத்தான் இழைத்தார். மேஜையாவது, ஒன்றாவது!

ஐரோப்பியத் தச்சர் வழி வேறு. ரோமானியர் காலத்திலிருந்தே கனத்த பெஞ்ச் ஒன்று ஓரிடத்தில் கிடக்கும். மரம் அவரிடம் வரும். பிறகு மின்சாரம் வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் கார்ட்டர் என்கிற தச்சர், முடிவெட்டும் மின்கருவியின் பாகத்தை வைத்து ஒரு குட்டிக் கருவி செய்தார் என்பார்கள். இன்றைய ரவுட்டரின் தாத்தா அது. நிமிடத்துக்கு 10,000 முதல் 25,000 சுற்றுவரை சுழலும் பிட். ஆசாரி மாய்ந்து மாய்ந்து இழைத்த காடியைச் சில நிமிடங்களில் எடுத்துவிடும்.

ஆனால் சின்னக் கட்டை மேல் ரவுட்டரை எங்கே நிறுத்துவது? அதனால்தான் மேஜைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். பிட் மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். மரம் அதனிடம் வரும்.

மொட்டைமாடி அறையிலோ கார் ஷெட்டிலோ தச்சு வேலை பழகும் நம்மவர்கள் அந்த மேஜைக்குச் சக்கரமும் வைத்துக்கொள்கிறார்கள். வேலை முடிந்தால் ஓரமாகத் தள்ளிவிடலாமே! நீங்களும் செய்யலாம். 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டினால் மேல்பலகை அசையாது. கடலோர ஊர் என்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளை நல்லது. ரவுட்டரைத் தாங்க அலுமினியத் தகடு. நாலு சக்கரத்திலும் பிரேக். சுவிட்ச் வெளியே, கைக்கு எட்டும்படி. பின்பக்கம் ஒரு தடுப்புக் கட்டை. மரத்தை அதில் அணைத்து, வலமிருந்து இடமாக மட்டுமே தள்ள வேண்டும். மாற்றித் தள்ளினால் பிட் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். கூடவே விரலும் போகலாம்!

தோணி என்னாயிற்று? 1974-ல் தூத்துக்குடி பெரிய துறைமுகமாயிற்று. கப்பல் கரைக்கே வந்துவிட்டது. கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடிய தோணிக்கு அந்த வேலை போயிற்று. பாய் போய் இன்ஜின் வந்தது. மாலத்தீவு வரை சரக்கு ஏற்றிப் பிழைத்தது. ஆனால் புதுத் தோணி கட்டுவது குறையக் குறைய, ஓடாவியின் தலைக்குள் இருந்த கணக்குக்கும் வாரிசு குறைந்தது. எழுதி வைத்திருந்தால் எடுத்துப் படிக்கலாம். கைப்பழக்கத்தை எங்கே போய்ப் படிப்பது?

ஆகவே நீங்கள் மேஜை செய்தால் ஒரு காரியம் செய்யுங்கள். அளவுகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி மேல்பலகைக்கு அடியில் ஒட்டி வையுங்கள். பேரன் ஒருநாள் சக்கரம் மாற்றுவதற்காக அதைக் கவிழ்ப்பான்!