கடனட்டைப் புள்ளிகளின் உண்மைப் பெறுமதி

கடனட்டைகள் மூலமும் ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸின் பிளைஸ்மைல்ஸ் போன்ற திட்டங்கள் மூலமும் சேரும் வெகுமதிப் புள்ளிகளைப் பலர் சேமிப்பாகவே கருதுகின்றனர். ஆனால் புள்ளி பணமன்று. அதன் பெறுமதியை நிர்ணயிப்பதும் மாற்றுவதும் வழங்கும் நிறுவனமே. அமெரிக்கன் எயர்லைன்ஸ் 1981 மே மாதத்தில் தனது திட்டத்தை ஆரம்பித்த பின்னர் இம்முறை உலகெங்கும் பரவியது. டெல்டா விமான நிறுவனமோ 2015 இல், எந்தப் பயணத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பதைக் காட்டும் அட்டவணையையே நீக்கிவிட்டது.

பெறுமதியைக் கணிப்பது கடினமன்று. பயணச்சீட்டின் விலையிலிருந்து, புள்ளிகளைக் கொடுத்த பின்னரும் செலுத்தவேண்டிய வரிகளையும் கட்டணங்களையும் கழித்து, மீதியைத் தேவையான புள்ளிகளால் வகுக்கவேண்டும். உதாரணமாக, 90,000 ரூபா சீட்டுக்கு 40,000 புள்ளிகளுடன் 30,000 ரூபா வரியும் கோரப்படின், ஒரு புள்ளியின் பெறுமதி 1.50 ரூபா. நூறு ரூபா செலவுக்கு ஒரு புள்ளி எனில் இலாபம் ஒன்றரை ரூபா மட்டுமே.

அந்த நூறு ரூபாவை உரிய தினத்தில் செலுத்தத் தவறி, மாதம் 2 வீத வட்டி விதிக்கப்பட்டால், முதல் மாதத்திலேயே 2 ரூபா போய்விடும். புள்ளிகள் காலாவதியானால் கிடைப்பது வட்டிச் சுமை மாத்திரமே.

எனவே, நிலுவையை மாதந்தோறும் முழுமையாகச் செலுத்துவோருக்கே புள்ளிகள் இலாபம். ஏனையோருக்கு அவை கடனுக்கான தூண்டில் என்பதை மறந்துவிடலாகாது.