கபச் சுரப்பியும் காசநோயும்

காசநோய் என்றதும் நம் நினைவுக்கு வருவன இருமலும் சளியும் மாலைக் காய்ச்சலுமே. நுரையீரலே அந்நோயின் தலையாய உறைவிடம் என்பது உண்மைதான். ஆயினும் எலும்பு, குடல், சிறுநீரகம், மூளையுறை என்று அது புகாத உறுப்பு அரிது. மிக அரிதாக, மூளையின் அடியில் பட்டாணியளவே உள்ள கபச் சுரப்பியிலும் அது குடிபுகுவதுண்டு. அங்கே ஒளிந்த நோயை மருத்துவ உலகம் இனங்கண்ட வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பிட்யூட்டரி என்பது அச்சுரப்பியின் மேனாட்டுப் பெயர். மூளையில் ஊறும் கபம் இதன் வழியே மூக்கிற்கு இறங்குகிறது என்று பண்டை மருத்துவர் காலென் நம்பினார். கபத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே அப்பெயர் பிறந்தது. 17ஆம் நூற்றாண்டில் அந்த நம்பிக்கை தகர்ந்தது; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. சுரப்பியின் உண்மையான தொழில் விளங்குவதற்கு மேலும் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் சென்றன. உடல் வளர்ச்சி, தைராய்டு மற்றும் அட்ரீனல் சுரப்பிகளின் வேலை, மாதவிடாய், தாய்ப்பால், சிறுநீரின் அளவு ஆகிய யாவும் அதன் ஆணைக்கு உட்பட்டவை என்பதை இன்று நாம் அறிவோம்.

காசநோய் ஒரு சுரப்பியை அழித்தே ஆளைக் கொல்லக்கூடும் என்பதை முதலில் உணர்த்தியவர் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன். அட்ரீனல் சுரப்பிகள் சிதைந்தவர்கள் தோல் கறுத்து, வலுவிழந்து மடிந்ததை 1855ஆம் ஆண்டில் அவர் நூலாக எழுதி வெளியிட்டார். அவர்களுள் பலருடைய சுரப்பிகளைச் சிதைத்தது காசநோயே. 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லினில் ராபர்ட் கோக் அந்நோயின் கிருமியை உலகுக்கு அறிவித்தார். நுரையீரல் நோயாளியின் சளியிலே கிருமியைத் தேடலாம். ஆனால் கபச் சுரப்பியோ மண்டையோட்டின் நடுவே, குதிரைச் சேணம் போன்ற எலும்புக் குழியில் அமர்ந்திருப்பது. பிணப் பரிசோதனையன்றி அதை எட்டிப் பார்க்க அந்நாளில் வழியில்லை.

1895ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். சேணக் குழி அகன்றிருப்பதைப் படத்தில் காண முடிந்தது. 1907ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவில் ஷ்லோஃபர் மூக்கின் வழியே சென்று அச்சுரப்பியின் கட்டியை அறுத்தெடுத்தார். வழி திறந்தது, குழப்பமும் உடன் வந்தது. சுரப்பி எதனால் பருத்தாலும் தலைவலி வரும், மேலேயுள்ள பார்வை நரம்பு நசுங்கிக் கண் மங்கும், சுரப்புக் குறையும். கட்டியும் காசநோயும் ஒரே முகம் காட்டின. கட்டியே மிகுதியாகக் காணப்பட்டதால் மருத்துவர் கட்டி என்றே முடிவு செய்தனர். 1940ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களான கோல்மனும் மெரிடித்தும் வெளியிட்ட வரலாறு இதற்குச் சான்று. கட்டியைப் போலவே தோற்றமளித்த அந்நோய் காசநோய் என வெளிப்பட்டது. அறுவைக்குப் பின் நோயாளி தேறினார். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான்.

நம் நாட்டுக்கு இவ்வரலாற்றில் தனி இடமுண்டு. 1949ஆம் ஆண்டில் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950ஆம் ஆண்டில் சென்னையில் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவை மருத்துவத்தைத் தொடங்கினர். மேனாடுகளில் அருகிவந்த மூளைக் காசக் கட்டிகளை அவர்கள் அடிக்கடி சந்திக்க நேர்ந்தது. அவற்றைக் கண்டறியும் முறையைப் பற்றி ராமமூர்த்தியும் வரதராஜனும் 1961ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழில் வந்தது. தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் 2000ஆம் ஆண்டில், கபச் சுரப்பிப் பகுதியில் காசநோய் கண்ட 18 பேரின் வரலாற்றை ஒருங்கே வெளியிட்டனர். இத்தகைய அரிய நோய்க்கு அது பெருந்தொகை.

1971ஆம் ஆண்டில் சி.டி. ஸ்கேனும், பின்னர் எம்.ஆர்.ஐ. படமும் வந்தன. சுரப்பியை மூளையோடு பிணைக்கும் காம்பு தடித்திருப்பின் காசநோயை ஐயுறலாம் என்று மருத்துவர் கற்றனர். ஐயந்தான், முடிவன்று. வேறு சில அழற்சிகளிலும் காம்பு தடிக்கும். நோயாளிகள் பலருக்கு நுரையீரலில் நோயின் சுவடே இராது. ஆகையால் மூக்கின் வழியே சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே இன்றும் உறுதியான வழி. அதிலும் கிருமி கண்ணுக்குத் தப்புவதுண்டு. கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை அப்போது துணைபுரிகிறது.

கட்டியா, காசமா என்று இத்தனை தூரம் ஆராய்வானேன் எனலாம். காசநோய் மருந்தால் தீர்வது. துணுக்கெடுத்து நோய் இன்னதென்று தெரிந்தால், பெரிய அறுவையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். மற்றொரு காரணமும் உண்டு. சுரப்பி நலிந்தவரின் உடலில் கார்டிசால் என்னும் உயிர்காக்கும் சுரப்பு குறைந்திருக்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மருந்தோ அச்சுரப்பை மேலும் விரைவாகக் கரைத்துவிடும். குறையை அறிந்து ஈடு செய்யாமல் மருந்தைத் தொடங்கினால், நோயைத் தீர்க்க வந்த மருந்தே உயிருக்கு ஆபத்தாகக் கூடும்.

1993ஆம் ஆண்டில் ஹாங்காங் மருத்துவர்கள் இளமையில் மூளையுறைக் காசநோய் கண்டு பிழைத்த 49 பேரைச் சோதித்தனர். அவர்களுள் 10 பேருக்கு இச்சுரப்பியின் வேலை பழுதுபட்டிருந்தது. நோய் தீர்ந்து பல்லாண்டுகள் கழிந்தபின் கண்ட பழுது அது.

பிழைப்புக்காகப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் கருத்தில் கொள்ளத்தக்க செய்தி இது. சொந்த ஊரில் வீட்டு மருத்துவருக்கு நம் குடும்பத்தின் நோய் வரலாறு மனப்பாடம். அயலூர் மருத்துவருக்கு நாம் சொன்னாலன்றித் தெரியாது. தீராத சோர்வு, விடாத தலைவலி, பார்வை மங்கல், காலம் தப்பி நின்ற மாதவிடாய், அடங்காத தாகம் ஆகியவற்றுக்காக அவரிடம் செல்லும்போது, சிறுவயதில் மூளைக் காய்ச்சல் கண்டதையும், வீட்டில் எவருக்கேனும் காசநோய் இருந்ததையும் கூச்சமின்றிக் கூறல் வேண்டும். பழைய மருத்துவச் சீட்டுகள் ஊரில் பரணில் கிடக்குமாயின், அடுத்த பயணத்தில் அவற்றைக் கையோடு எடுத்து வருதல் நலம்.