உளியின் மூன்றாவது பள்ளி

அணுபுரத்திலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கிறது மாமல்லபுரம். அங்கு சிற்பக்கலை பல நூற்றாண்டுகளாகத் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. உளி தீட்டுவதில் தொடங்கி கண் திறப்பதில் முடியும் நீண்ட கல்வி அது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. பட்டறைக்கு எந்த வேலை வருகிறதோ அதை மட்டுமே சீடன் கற்கிறான். பிள்ளையார் மட்டுமே செதுக்கும் பட்டறையில் வளர்பவனுக்கு விமானத்தின் கணக்கு எப்படித் தெரியும்?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. கைவினைக் குழுக்களின் மரபு வேரோடிய ஜெர்மானிய நாடுகளும் இதைச் சந்தித்தன. அவர்கள் கண்ட தீர்வு எளிது. சிறு பட்டறைகள் தனியே கற்பிக்க இயலாதவற்றைப் பொதுவான ஒரு பயிற்சிக்கூடத்தில் கற்பித்தல். சுவிட்சர்லாந்தில் பட்டறை, தொழிற்பள்ளி ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாவது கல்விக்களமாகவே அது கருதப்படுகிறது. பயிலுநர் ஒப்பந்தத்தின்படி ஊதியம் பெற்றபடியே அங்கு சென்று வருகிறார்.

மாமல்லபுரத்தில் 1957ல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையத்தை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். அதன் முதல் தலைவர் வைத்தியநாத ஸ்தபதி. பின்னர் அவர் மகன் கணபதி ஸ்தபதி நீண்டகாலம் பொறுப்பேற்றார். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட, பீடத்துடன் 133 அடி உயரமுள்ள குமரி வள்ளுவர் சிலையை உருவாக்கியவர் அவரே. கல், மரம், உலோகம், சுதை என்று வெவ்வேறு பட்டறைகளில் சிதறிக்கிடந்த அறிவு அங்கே ஒரே கூரையின்கீழ் வந்தது. தாளமானமும் சிற்பநூல்களும் பாடமாயின. குலத்துக்குள் நின்ற கலையின் கதவு மற்றவர்களுக்கும் திறந்தது. இது சிறிய மாற்றமல்ல.

ஆயினும் ஒன்று விடுபட்டது. கல்லூரிக்கும் தெருவின் பட்டறைகளுக்கும் இடையே ஒப்பந்தம் ஏதும் உருவாகவில்லை. கல்லூரியில் பயில்பவர் பட்டம் பெறுகிறார். பட்டறையில் பயில்பவரோ பெரும்பாலும் சான்றில்லாத கூலியாள். 1961ன் பயிலுநர் சட்டமும் பெரிய ஆலைகளை எண்ணியே எழுதப்பட்டது. இன்று மின்வெட்டுக் கருவிகள் எழுப்பும் கல்தூசி நுரையீரலைத் தின்கிறது. அதிலிருந்து காத்துக்கொள்ளும் வழியைச் சிறு பட்டறை தனியே கற்பிக்குமா?

மாமல்லபுரக் கற்சிற்பத்துக்கு 2017ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்துவிட்டது. அந்தப் பெயரைச் செதுக்கும் கைகளுக்கு எப்போது?