கோப்பாயும் ஆக்ராவும்

லண்டனில் 1799இல் தோன்றிய சி.எம்.எஸ். என்னும் கிறிஸ்தவ மிஷன் சங்கம் 1818இல் நல்லூரில் கால்வைத்தது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பாயும் அதன் பணிக்களமாயிற்று. அதே சங்கத்தார் வட இந்தியாவில் ஆக்ரா நகரிலும் இருந்தனர். யாழ்ப்பாணத்தில் அவர்களை எதிர்கொண்டது சைவம், ஆக்ராவில் இஸ்லாம்.

1854 ஏப்ரலில் ஆக்ராவில் இரண்டு நாட்கள் நடந்த பகிரங்க வாதம் நம்மவர் அதிகம் அறியாதது. ஒருபுறம் ஃபாண்டர் என்னும் ஜெர்மானிய மிஷனரி. மறுபுறம் மௌலவி ரஹ்மத்துல்லா. மௌலவிக்குத் துணைநின்றவர் வசீர்கான் என்னும் மருத்துவர். இயேசுவின் தெய்வத்தன்மையும் திரியேகத்துவமும் வாதத்திற்குரிய பொருள்களாகக் குறிக்கப்பட்டிருந்தன. ஆயினும் வாதம் அவ்விடத்தை எட்டவேயில்லை. வேதபாடம் மாற்றமுற்றதா என்ற வினாவிலேயே அது நின்றுவிட்டது. ஆங்கிலமறிந்த வசீர்கான், ஐரோப்பிய அறிஞர்களே விவிலியத்தின் மூலபாடங்களை ஆராய்ந்தெழுதிய நூல்களைச் சபையில் எடுத்துவைத்தார். மிஷனரி கொண்டுவந்த கல்வியின் இன்னொரு முகம் அது! யோவானின் முதலாம் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில், திரியேகத்துவத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்ட வசனம் உட்படச் சில இடங்கள் பிற்சேர்க்கை என்பதை ஃபாண்டர் ஒப்புக்கொண்டார். அதனால் அடிப்படைப் போதனை பழுதுறவில்லை என்றும் வாதிட்டார். தோல்வியென்று அதனைப் பலர் எள்ளினர். ஆளுவோரின் மதத்தைச் சேர்ந்த ஒருவர் ஆளப்படுவோர் சபையில் உண்மையை ஒப்பியதை நான் இழிவாகக் கருதவில்லை.

ஆனால் அச்சபைக்கு வெளியே வாதிகள் சமமானவர்களல்லர். 1857 எழுச்சியின் பின் ரஹ்மத்துல்லா மக்காவுக்குத் தப்பிச்செல்ல நேர்ந்தது. அவருடைய உடைமைகள் ஏலத்தில் போயின. அவ்வாதத்தை விரித்து அவர் அரபியில் எழுதிய ‘இழ்ஹாருல் ஹக்’ 1860களில் வெளிவந்தது.

அதே 1854இல் ஆறுமுக நாவலரின் ‘சைவ தூஷண பரிகாரம்’ வெளிவந்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் துணைபுரிந்த நாவலர், ஆலயம், தூபம், தீபம் முதலியன பழைய ஏற்பாட்டிலும் உண்டே என்று அந்நூலைக்கொண்டே மிஷனரிமாரை மடக்கினார். பின்னர் கோப்பாயிலே பிறந்த சபாபதி நாவலரும் ‘இயேசுமத சங்கற்ப நிராகரணம்’ எழுதி அவ்வழியில் நின்றார். ஆக்ராவிலும் யாழ்ப்பாணத்திலும், ஒருவரையொருவர் அறியாமலே, எதிரியின் நூலை எதிரியைவிட நுணுகிக் கற்றவர்கள் தோன்றினர். அந்நிய ஆட்சியின்கீழ்ப் படிப்பே அவர்களுக்கிருந்த படைக்கலம்.

எனினும் அப்படைக்கலம் வெளிப்புறமாகவே வீசப்பட்டது. பிறர் வேதத்தில் யார் எதைச் சேர்த்தார் என்று துருவிய கண்கள் தத்தம் ஆகமத்தின்மீதோ குர்ஆன்மீதோ அவ்வாறு திரும்பவில்லை. மிஷனரிமாரும் தம் நூலுக்கு அந்த ஆராய்ச்சியை மனமுவந்து அழைத்தவரல்லர். நாவலரோ சாதி வரம்பைத் துறக்கவில்லை. கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களுக்கு இந்த வெற்றி தோல்விகளில் யாதொரு பங்கும் இருக்கவில்லை.

ஆக்ராவில் சர்ச்சைக்குள்ளான அவ்வசனம் பழைய தமிழ் விவிலியத்தில் இன்றும் அச்சாகின்றது. 1995இல் வெளிவந்த ‘திருவிவிலிய’த்தின் மூலபாடத்தில் அது இல்லை.