குதிரைக்காரர் சொன்ன சாட்சி

இங்கிலாந்தில் பந்தயக் குதிரைக்கும் குலப்பெருமை உண்டு. இன்ன தகப்பனுக்கு, இன்ன தாய்க்குப் பிறந்தது என்று சொல்லும் ‘ஜெனரல் ஸ்டட் புக்’ 1791லேயே அச்சேறத் தொடங்கிவிட்டது. அதில் ஏறினால் அதுதான் சத்தியம். விவரம் கொடுத்தது யார்? குதிரை வைத்திருந்த பிரபுக்கள்தான்.

1880 டெர்பி பந்தயத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் டியூக்கின் ‘பெண்ட் ஓர்’ தலையளவு முந்தி ஜெயித்தது. தோற்ற குதிரையின் தரப்பு ஆட்சேபித்தது: ஓடியது பெண்ட் ஓரே இல்லை, அதே பண்ணையின் ‘டாட்காஸ்டர்’, குட்டியிலேயே மாறிப்போச்சு என்று. சாட்சி, ரிச்சர்ட் ஆர்னல். டியூக்கின் பண்ணையில் வேலைசெய்து, பிறகு நீக்கப்பட்ட குதிரைக்காரர். நீக்கப்பட்டவன் பேச்சு சபை ஏறுமா? பந்தய அதிகாரிகள் ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டார்கள். எழுத்தில் ஆதாரம் இருக்கான்னு கேட்டே நம் பாட்டன்மார் வாயை அடைத்தவர்களைப் பார்த்த நமக்கு இது புதுசில்லை.

இரண்டு குட்டிக்கும் தகப்பன் ஒன்றே. தாய்தான் வேறு: பெண்ட் ஓருக்கு ரூஜ் ரோஸ், டாட்காஸ்டருக்குக் கிளெமன்ஸ். மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள டி.என்.ஏ. தாய்வழியாகத்தான் இறங்கும். பெண்ட் ஓர் என்று பெயரிட்ட எலும்புக்கூடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்தது. அதன் எலும்பைச் சோதித்த ஆய்வு 2012இல் வெளியானது. ரூஜ் ரோஸ் வழியோடு அது ஒட்டவில்லை. கிளெமன்ஸ் வழியோடு ஒத்துப்போனது. ஆர்னல் சொன்னதும் அதைத்தான்.

ரத்தச் சுத்தத்துக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. சுத்தமென்று எழுதிவைத்த ஏட்டின் லட்சணம் இது. டெர்பி வெற்றியாளர் பட்டியலில் 1880க்கு நேரே இன்றும் பெண்ட் ஓர் என்றே இருக்கிறது.