குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்

எலும்பு மஜ்ஜையில் லிம்போசைட் எனும் வெள்ளணுக்கள் முதிராத நிலையிலேயே கட்டுப்பாடின்றிப் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும் கடும் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா, குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயாகும். புற்றுநோயைக் குணப்படுத்த முடியுமா என்ற வினாவுக்கு மருத்துவம் அளித்துள்ள தெளிவான விடைகளுள் ஒன்றும் இந்நோயின் வரலாறே.

அணுக்கள் பெருகத் தேவையான ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினோப்டெரின் மருந்தால் இந்நோய் தற்காலிகமாகத் தணிவதை, பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948-இல் வெளியிட்டார். அம்மருந்தை உருவாக்கிய லெடர்லி மருந்து நிறுவன ஆய்வுக்குழுவின் தலைவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அவருடைய பணிக்கு உரிய புகழ் கிட்டவில்லை என்றே சொல்ல வேண்டும்.

எனினும் தணிந்த நோய் சில மாதங்களில் திரும்பியது. 1962-இல் மெம்ஃபிஸ் நகரில் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல், பல மருந்துகளை இணைத்து அளித்ததுடன், மருந்து எளிதில் ஊடுருவாத மூளையிலும் தண்டுவடத்திலும் பதுங்கிய புற்றணுக்களைக் கதிர்வீச்சாலும் தண்டுவட நீரில் நேரடியாகச் செலுத்திய மருந்தாலும் அழிக்க முற்பட்ட பிறகே, ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைக்கும் நிலை உருவாயிற்று.

இன்று மூளைக்கான கதிர்வீச்சு பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. இரத்தப் பரிசோதனையில் புற்றணுக்கள் தென்படாமல் போன பின்னரும், மெர்காப்டோப்யூரின் மாத்திரை நாள்தோறும், மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறையும் என மொத்தச் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் நீள்கிறது. இடையில் நிறுத்தினால் நோய் மீளும் வாய்ப்பு கூடுகிறது. வளர்ந்த நாடுகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக் குழந்தைகள் பிழைக்கின்றனர். ஓராண்டுக்குட்பட்ட கைக்குழந்தைகளிடமும் வயதுவந்தோரிடமும் இவ்விகிதம் குறைவு.